லாட்டுக்கு ஐஆர்ஐ கொடுப்பது சர்வரின் வேலை: திருப்பூர் துணிக்கணக்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏனுங்க, அந்த 112 லாட் சாயம் முடிஞ்சுதுங்களா?" என்று பனியன் கம்பெனியிலிருந்து போன் போகும். "எந்த 112-ங்க? எங்க 112-ஆ, நிட்டிங்காரர் போட்ட 112-ஆ?" என்று சாயப்பட்டறையிலிருந்து பதில் வரும். நிட்டிங் யூனிட் ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு தொகுதித் துணிக்கு, தன் டிசியில் (டெலிவரி சலானில்) ஒரு எண் போடும், சாயப்பட்டறை தன் நோட்டில் இன்னொன்று எழுதும், காம்பாக்டிங்கில் (துணியை அமுக்கிச் சுருக்கும் கட்டத்தில்) அதற்கும் ஒன்று இருக்கும், ஏப்ரல் 1 வந்தால் பல இடங்களில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். போனில் பேசித் தீர்க்கிற வரை இதில் பெரிய சிக்கல் இல்லை. அதே கணக்கை வெளிநாட்டு பையர் ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்து நூலிலிருந்து பார்க்க வேண்டும் என்று வரும்போதுதான் தலைவலி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 18 அன்று அமலுக்கு வந்த ஒழுங்குமுறை ஒன்று டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட்டுக்கு வழிவகுத்திருக்கிறது, அதில் துணி முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. ஆக இது இன்று இல்லாவிட்டாலும் நம் ஊருக்கு வந்தே தீரும் வேலை.

இந்தச் சங்கிலியை லிங்க்டு டேட்டாவாக (வெப் முகவரிகளால் ஒன்றோடொன்று இணைந்த தரவாக) கட்டுவது நல்ல வழி. கட்ட ஆரம்பித்தவுடன் முதலில் முட்டுகிற கேள்வி: ஒவ்வொரு லாட்டுக்கும் ஐஆர்ஐ (வெப் முகவரி வடிவில் இருக்கும் தனித்துவமான பெயர்) யார் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? என் பதில், சர்வர்தான் கொடுக்க வேண்டும். ஆனால் தனித்துவமான எழுத்துச்சரம் ஒன்றை உருவாக்குவது இதில் ரொம்பச் சின்னப் பகுதி, அதை ஒரு வரியில் முடித்துவிடலாம். "இது புதுப் பொருளா, ஏற்கெனவே பெயர் வைத்த பொருளா" என்று சர்வர் முடிவு செய்வதுதான் பெரிய பகுதி. கீழே உள்ள படிகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

ஆர்டிஎஃப் (தரவை டிரிபிள் எனும் மூன்று துண்டு வாக்கியங்களாக எழுதும் முறை), டர்ட்டில் (அதை எழுதும் வடிவம்), ஸ்பார்க்கிள் (அதில் கேள்வி கேட்கும் மொழி) மூன்றும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

## ஏன் சர்வர்?

டேட்டாபேஸில் இருக்கும் பிரைமரி கீ அந்த டேபிளுக்குள் மட்டும் செல்லும். லிங்க்டு டேட்டாவில் ஐஆர்ஐ உலகத்துக்கே பொதுவான பெயர். டிம் பெர்னர்ஸ்-லீ 2006-ல் எழுதிய நான்கு விதிகளின்படி, அந்தப் பெயரை பிரவுசரில் போட்டால் உபயோகமான தகவலும் கிடைக்க வேண்டும். பெயரும் அதுவே, முகவரியும் அதுவே. முகவரி என்றால் அந்த டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கொடுக்க முடியும். மொபைல் ஆப், எக்செல் அப்லோட், டேலியிலிருந்து வரும் ஏற்றுமதி ஃபைல் என்று நான்கு பக்கமிருந்து தரவு வரும் இடத்தில், ஒவ்வொரு கிளையன்டும் தன் இஷ்டத்துக்கு ஐஆர்ஐ ஒட்ட ஆரம்பித்தால் பழைய 112 கதைதான், இந்த முறை நீளமான எழுத்துகளில்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நெட்வொர்க்கே இல்லாத இடத்தில் ஆஃப்லைனில் பதிவு செய்து அப்புறம் அனுப்புகிற ஆப் என்றால், கிளையன்ட் ஒரு யூயூஐடியை (எங்கே உருவாக்கினாலும் மோதாத நீண்ட குறியீட்டை) தானே உருவாக்கலாம். அதைக்கூட ஐஆர்ஐயாக ஏற்காமல் "கோரிக்கை எண்" என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அது படி 5-ல் வருகிறது.

## படி 1: எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

கோடு எழுதுவதற்கு முன் ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். லாட் ஒரு பொருள். அந்த லாட்டை அனுப்பிய டிசி ஒரு ஆவணம். லாட்டில் உள்ள ஒவ்வொரு ரோலும் தனிப்பொருள். லாட்டைப் பற்றி சர்வர் காட்டும் பக்கம் இன்னொன்று. இந்த நான்கையும் ஒரே ஐஆர்ஐயில் திணித்தால், எடை 412.5 கிலோ என்பது துணியின் எடையா, பேப்பரின் எடையா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பக்கத்தை நேற்று திருத்தினால் துணியையே நேற்று திருத்தியதாக ஆகிவிடும்.

பொருளுக்கும் பக்கத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, பொருளின் ஐஆர்ஐயைக் கேட்டால் 303 என்ற பதிலோடு பக்கத்துக்குத் திருப்பி விடுவது. வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் தொழில்நுட்பக் குழு 2005 ஜூனில் எடுத்த முடிவு இது. இன்னொன்று, பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஹாஷ் குறி (#) சேர்த்துப் பொருளைக் குறிப்பது: /லாட்/3071845926 பக்கம், /லாட்/3071845926#லாட் துணி. எனக்கு ஹாஷ் வழிதான் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு கோரிக்கை போகாது.

அடுத்தது, லாட் எப்போது வேறு லாட் ஆகிறது? ஒரு கிரே (சாயம் போடாத) துணி லாட் சாயப்பட்டறைக்குப் போய் மூன்று நிறமாகப் பிரிந்து வந்தால், பழைய ஐஆர்ஐயை மூன்றுக்கும் ஒட்ட வேண்டாம். மூன்று புது ஐஆர்ஐ உருவாக்கி, "இதிலிருந்து வந்தது" என்ற உறவை பழைய லாட்டுக்குக் கொடுங்கள். 2013-ல் பரிந்துரையாக வந்த ப்ராவ்-ஓ சொற்தொகுதியில் அதற்கான உறவு தயாராகவே இருக்கிறது. ஆனால் காம்பாக்டிங் போய்வந்தால் புது லாட்டா? அது தொழிலில் இருப்பவர் சொல்ல வேண்டியது, புரோகிராமர் ஊகிக்கக் கூடாது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

## படி 2: அடிப்படை முகவரியை நிலையாக வையுங்கள்

பல ஃபிரேம்ஒர்க்குகள் வந்த கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரைப் பார்த்து முழு முகவரியைக் கட்டும். சாதாரண வெப்சைட்டில் இதனால் பாதகமில்லை. இங்கே அது விஷம். பிராக்ஸிக்குப் பின்னால் ஓடும் சர்வர் தன் உள்பெயரையும் 8080 போர்ட்டையும் சேர்த்து ஐஆர்ஐ செய்து டிரிபிள் ஸ்டோரில் (ஆர்டிஎஃப் தரவைச் சேமிக்கும் டேட்டாபேஸில்) எழுதிவிடும், ஒரு மாதம் கழித்துத்தான் யாராவது கவனிப்பார்கள். எச்டிடிபியில் தொடங்கும் ஐஆர்ஐயும் எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்குவதும்கூட ஆர்டிஎஃப் கண்ணுக்கு இரண்டு வெவ்வேறு பொருள்கள், பிரவுசர் இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோனாலும். ஆகவே அடிப்படை முகவரியை கான்ஃபிகரேஷனில் ஒரே இடத்தில் எழுதுங்கள், கோரிக்கையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

டொமைன் பெயரில் கம்பெனி பெயர் இருந்தால் யோசியுங்கள். பார்ட்னர்கள் பிரிவதும் பெயர் மாறுவதும் நம் ஊரில் அதிசயமா என்ன? டபிள்யூ3ஐடி, பர்ல் போன்ற நிரந்தர முகவரிச் சேவைகளில் ஒரு பெயரைப் பதிவு செய்து அங்கிருந்து உங்கள் சர்வருக்குத் திருப்பி விடலாம். சர்வர் மாறினாலும் ஐஆர்ஐ மாறாது.

## படி 3: ஐஆர்ஐக்குள் என்ன இருக்கக் கூடாது

மாறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. சொல்லச் சுலபம், ஆனால் மாவட்டம், யூனிட் பெயர், நிறம் எல்லாம் பார்க்க மாறாதவை போலவே இருக்கும்.

தாராபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம். அந்த ஆண்டு பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அதில் போனது. அப்புறம் அந்த மாவட்டத்தின் பெயரே ஈரோடு என்றானது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரம் அங்கே வந்தது. ஊர் ஒரு அடிகூட நகரவில்லை. /ஈரோடு/தாராபுரம்/யூனிட்/17 என்று யாராவது 2008-ல் ஐஆர்ஐ கொடுத்திருந்தால் ஒரே வருடத்தில் அது பொய் சொல்ல ஆரம்பித்திருக்கும். யூனிட் பெயரும் அப்படித்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை மறக்க முடியுமா? யூனிட் மூடலாம், கைமாறலாம், பெருந்துறைக்கு இடம் பெயரலாம், அங்கே சாயம் போட்ட லாட்டின் பெயர் மட்டும் அப்படியே நிற்க வேண்டும்.

மாவட்டம், யூனிட், நிறம் எல்லாம் டிரிபிளாக உள்ளே இருக்கட்டும். ஐஆர்ஐயில் பொருளின் வகையும் ஒரு வெற்று எண்ணும் போதும். விக்கிடேட்டா 2012-லிருந்து கியூ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் வைத்தே உலகத்தையே சமாளிக்கிறது.

## படி 4: எண்ணை எப்படி உருவாக்குவது

வரிசை எண் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேலை செய்யும். ஆனால் பையர் இந்த மாதம் ஒரு லாட்டும் அடுத்த மாதம் ஒரு லாட்டும் பார்த்தால், நடுவில் எத்தனை லாட் ஓட்டினீர்கள் என்று கழித்துப் பார்த்துவிடுவார். போட்டிக்காரரும் பார்ப்பார்.

யூயூஐடி நான்காம் பதிப்பில் 122 ரேண்டம் பிட்கள், மோதல் பயமே வேண்டாம். ஏழாம் பதிப்பு 2024 மே மாதம் வெளியான இணையத் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 9562-ல் முறைப்படி வந்தது. முதல் 48 பிட் மில்லிவினாடி நேரம் என்பதால் டேட்டாபேஸ் இண்டெக்ஸில் வரிசையாகப் போய் உட்காரும், அதே காரணத்தால் பதிவு எப்போது உருவானது என்பதையும் வெளியே சொல்லிவிடும். மெஷின் அளவீடுகள், நிகழ்வுகள் போல மனிதர் கையால் தொடாத பதிவுகளுக்கு ஏழாம் பதிப்பு நல்லது.

லாட் அப்படியில்லை. ஸ்டிக்கரில் அச்சாகும், சாயம் பட்டு பாதி அழியும், போனில் வாசித்துச் சொல்வார்கள். 36 எழுத்து யூயூஐடியை நிட்டிங் மெஷின் சத்தத்துக்கு நடுவில் வாசிக்கச் சொல்வது பாவம். அதற்கு ரேண்டமான பத்து இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். ஆதாரில் இருக்கும் வெர்ஹாஃப் முறையையே எடுத்துக்கொள்ளலாம்: ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். (இங்கே உள்ள எடுத்துக்காட்டு எண்களில் சோதனை இலக்கம் சேர்க்கவில்லை.)

ரேண்டம் எண்ணில் ஒரு கணக்கு மட்டும் கவனம். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியம், தாராளம் என்று தோன்றும். ஆனால் சுமார் 11,800 லாட் ஆனதுமே எங்காவது இரண்டு மோதியிருக்க சரிபாதி வாய்ப்பு உண்டு. பத்து இலக்கத்தில் அந்த எல்லை சுமார் 1,18,000. எத்தனை இலக்கம் வைத்தாலும் ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் கன்ஸ்ட்ரெயிண்ட் போட்டு, மோதினால் வேறு எண் எடுத்து மறுபடி முயல்வது கட்டாயம்.

பழைய எக்செல் ஷீட்டுகளை ஏற்றும்போது மட்டும் யூயூஐடி ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். யூனிட் குறியீடு, நிதியாண்டு, டிசி எண், வரி எண் ஆகியவற்றைச் சேர்த்து ஹாஷ் செய்வதால் (இது # குறி அல்ல, ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே குறியீடு தரும் கணக்கு), இறக்குமதியை எத்தனை முறை ஓட்டினாலும் அதே ஐஆர்ஐ வரும். நிதியாண்டை விட்டுவிட்டால் ஏப்ரலில் எண் மறுபடி தொடங்கும் யூனிட்களின் இரண்டு வருட லாட்கள் ஒன்றாகிவிடும்.

## படி 5: கோரிக்கையை வாங்குவது

டபிள்யூ3சியின் லிங்க்டு டேட்டா பிளாட்ஃபார்ம் (எல்டிபி) 2015 பிப்ரவரியில் பரிந்துரையானது. அதன் வழி எளிமையானது. கிளையன்ட் /லாட்/ என்ற கண்டெய்னருக்கு போஸ்ட் செய்யும், சர்வர் ஐஆர்ஐ கொடுத்து, 201 என்று சொல்லி, லொக்கேஷன் ஹெடரில் அதைத் திருப்பித் தரும். இன்னும் பெயரே இல்லாத பொருளைப் பற்றி கிளையன்ட் எப்படி எழுதும்? வெற்று ஐஆர்ஐயை வைத்துத்தான். முன்னொட்டு அறிவிப்பை விட்டுவிட்டு ஒரு டர்ட்டில் துண்டு:

    <#லாட்> துணி:எடை 412.5 ;
        துணி:நிறம் "கடல் நீலம்" ;
        துணி:மூலம் </லாட்/3071845926#லாட்> ;
        துணி:ரோல் <#ரோல்1> , <#ரோல்2> .
    <> துணி:பதிந்தவர் </ஆள்/5520> .

வெற்றுக் குறி, உருவாகப்போகும் பக்கம். ஹாஷோடு இருப்பவை அதற்குள் இருக்கும் பொருள்கள். இங்கே நிறையப் பேர் பார்ஸ் செய்துவிட்டு அப்புறம் உள்ளே தேடி மாற்றுகிறார்கள், அது தேவையில்லாத வேலை. முதலில் ஐஆர்ஐயை உருவாக்குங்கள், அதையே பேஸ் ஐஆர்ஐயாக பார்ஸருக்குக் கொடுங்கள், எல்லாம் தானாகச் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும். ஜேசன்-எல்டியில் (ஆர்டிஎஃபை ஜேசனில் எழுதும் வடிவம்) ஒரு பொறி இருக்கிறது: ஐடி புலத்தையே எழுதாமல் விட்டால் அது பிளாங்க் நோட் (பெயரில்லாத பொருள்) ஆகிவிடும், உங்கள் புது ஐஆர்ஐ அதில் ஒட்டாது. ஐடி புலம் இருக்க வேண்டும், மதிப்பு வெற்றுச் சரமாகவோ ஹாஷில் தொடங்குவதாகவோ இருக்க வேண்டும்.

உங்கள் டொமைனில் ஒரு முழு ஐஆர்ஐயைத் தானே கற்பனை செய்து அனுப்பும் கிளையன்டை என்ன செய்வது? தெளிவான பிழைச்செய்தியோடு திருப்பி அனுப்புங்கள். சத்தமில்லாமல் மாற்றி எழுதினால், தான் அனுப்பிய பெயரே நிற்கிறது என்று நம்பி கிளையன்ட் அதற்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்லக் என்று ஒரு ஹெடர் உண்டு, 2007-ல் ஆட்டம் பப்ளிஷிங் நெறிமுறையோடு வந்தது. "இந்த மாதிரி பெயர் வைத்தால் நல்லது" என்று கிளையன்ட் கொடுக்கும் யோசனை அது, சர்வர் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. லாட்டுக்கு அதைப் புறக்கணித்துவிடுவேன். சொற்தொகுதி, நிறப்பட்டியல் போல மனிதர் வாசிக்கும் சில பொருள்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

இனி மறு அனுப்பல். இதுதான் நிஜத்தில் அதிகம் உதைக்கும் இடம். ஷெட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும். ஆப் போஸ்ட் செய்கிறது, சர்வர் லாட்டை உருவாக்கிவிட்டது, பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. ஆப் மறுபடி அனுப்புகிறது. போஸ்ட்டுக்கு "திரும்பச் செய்தாலும் ஒன்றே" என்ற குணம் கிடையாது, ஆகவே ஒரே துணிக்கு இரண்டு ஐஆர்ஐ. பையருக்குப் போகும் கணக்கில் 412.5 கிலோ 825 ஆகிவிடும்.

தீர்வு: ஆப் ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் ஒரு கோரிக்கை எண்ணை, அதாவது ஒரு யூயூஐடியை, உருவாக்கி ஹெடரில் அனுப்பட்டும். சர்வர் ஒரு சின்ன டேபிளில் கோரிக்கை எண், கொடுத்த ஐஆர்ஐ, உள்ளடக்கத்தின் ஹாஷ், நிலை ஆகிய நான்கையும் எழுதட்டும். அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய ஐஆர்ஐயையே கொடுக்கட்டும். எண் அதேதான், உள்ளடக்கம் வேறு என்றால் 422 பிழை. இதோடு யூனிட், நிதியாண்டு, டிசி எண், வரி எண் சேர்ந்த இன்னொரு யூனிக் இண்டெக்ஸும் போடுங்கள், ஏனென்றால் அதே டிசியை இரண்டு பேர் இரண்டு போனில் பதிவது தினமும் நடக்கும்.

இந்த டேபிளை போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரு ரிலேஷனல் டேட்டாபேஸில் வையுங்கள். டிரிபிள் ஸ்டோரில் "இல்லாவிட்டால் சேர்" என்று ஸ்பார்க்கிள் அப்டேட் எழுதலாம்தான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கை வந்தால் அது தாங்குமா என்பது ஸ்டோருக்கு ஸ்டோர் மாறும். ஆர்டிஎஃப் தரவுக்கு விதி எழுதும் ஷாக்கிலும் தரவைச் சரிபார்க்கும் வேலைதான் செய்யும், பூட்டுப் போடாது. வரிசை இப்படி: டேபிளில் "ஒதுக்கியது" என்று எழுது, டிரிபிள் ஸ்டோரில் போடு, டேபிளில் "நடப்பு" என்று மாற்று. நடுவில் விழுந்துவிட்டால் மறு அனுப்பல் வரும்போது அதே ஐஆர்ஐயில் தொடரலாம். வரவே இல்லை என்றால் ஓர் எண் வீண், போகட்டும்.

## படி 6: ஸ்பார்க்கிளுக்குள்ளேயே உருவாக்கினால்

2013-ல் வந்த ஸ்பார்க்கிள் 1.1-ல் யூயூஐடி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது யூஆர்என் வகை ஐஆர்ஐ கொடுக்கும், பிரவுசரில் போட்டால் எங்கும் போகாது. எஸ்டிஆர்யூயூஐடி ஃபங்ஷனை உங்கள் அடிப்படை முகவரியோடு சேர்த்து ஐஆர்ஐயாக மாற்றுவதே சரி. ஆனால் கவனம்: வேர் (WHERE) பகுதியில் கிடைக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் அது புதிதாக ஒன்று உருவாக்கும். ஒரு பார்ட்டிக்கு இரண்டு போன் எண் இருந்து, வேர் பகுதியில் போன் எண்ணும் இருந்தால், அந்தப் பார்ட்டிக்கு இரண்டு ஐஆர்ஐ பிறந்துவிடும். உள் செலக்டில் டிஸ்டிங்க்ட் போட்டு பார்ட்டியை மட்டும் எடுத்து, அதற்கு வெளியே ஐஆர்ஐயை உருவாக்குங்கள்.

பிளாங்க் நோட்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிளையன்ட் அனுப்பினால் அப்படியே சேமிக்காதீர்கள், பின்னால் அதைத் திருத்தக் குறிப்பிட ஒரு பெயரே இருக்காது. ஆர்டிஎஃப் 1.1 சொல்லும் ஸ்கோலம் முறையில் ஒரு ஐஆர்ஐ கொடுத்துவிடலாம். அதைவிட, மேலே ரோலுக்குச் செய்தது போல ஹாஷ் பெயர் கொடுக்கச் சொல்வது நல்லது.

## படி 7: ஐஆர்ஐயில் தமிழ்

2005-ல் வந்த ஆர்எஃப்சி 3987-ன்படி ஐஆர்ஐயில் தமிழ் எழுத்து தாராளமாக வரலாம், இங்கே நான் எழுதியிருப்பதும் செல்லும். ஆனால் லொக்கேஷன் ஹெடரில் அதை பர்சென்ட் என்கோடிங் செய்துதான் அனுப்ப வேண்டும். "ஈரோடு" யூனிகோடில் ஐந்து குறிகள், யூடிஎஃப்-8-ல் 15 பைட், என்கோடிங் செய்தால் 45 எழுத்து. ஆர்டிஎஃப் ஐஆர்ஐகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், என்கோடிங் செய்ததும் செய்யாததும் அதற்கு வேறு வேறு. ஸ்டோருக்குள் ஒரே வடிவம் மட்டும் போக வேண்டும்.

இதைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாதது. கொடுமுடி, கோபி, ஈரோடு எல்லாவற்றிலும் வரும் ஒகர, ஓகார உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் அச்சு அசல் ஒன்றே, ஸ்டோரில் இரண்டு ஊர். கீபோர்டுக்குக் கீபோர்டு, ஃபாண்ட் கன்வெர்ட்டருக்கு கன்வெர்ட்டர் இது மாறும். ஐஆர்ஐ உருவாக்கும் முன் சரத்தை என்எஃப்சி (இணையக்கூடியவற்றை ஒரே குறியாக்கும் யூனிகோட் விதி) வடிவத்துக்கு மாற்றுங்கள், ஹாஷ் செய்யும் முன்பும்தான். ஸ்ரீ மட்டும் என்எஃப்சிக்கும் அடங்காது, ஸகரத்தில் ஒன்று, ஶகரத்தில் ஒன்று என்று இரண்டு எழுத்துமுறை இருக்கிறது. திருப்பூரில் எத்தனை கம்பெனிப் பெயர் ஸ்ரீயில் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள், தனியாக ஒரு விதி எழுதத்தான் வேண்டும்.

## படி 8: நீக்கலும் சேர்த்தலும்

லாட் பதிவை நீக்கினால் 404 வேண்டாம், 410 கொடுங்கள்: இருந்தது, இப்போது இல்லை. அந்த எண்ணை மறுபடி வேறு லாட்டுக்குக் கொடுக்கவே கூடாது. எல்டிபியும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. எண் கொடுக்கும் டேபிளில் வரிகளை அழிக்காமல் நிலையை மட்டும் மாற்றினால் இது தானாக நடக்கும்.

எவ்வளவு பார்த்தாலும் ஒரே துணிக்கு இரண்டு ஐஆர்ஐ எப்போதாவது வந்துவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதன் டிரிபிள்களை அதற்கு மாற்றி, பழையதிலிருந்து 308-ஓடு திருப்பி விடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு சேம்-ஆஸ் ("இரண்டும் ஒன்றே") உறவு போட்டு ஒப்பேற்றலாம் என்று தோன்றும். அனுமான இயந்திரம் ஓடும் இடத்தில் அது இரண்டின் எல்லா விவரங்களையும் ஒன்றாகக் கலந்துவிடும், ஒரே லாட்டுக்கு இரண்டு எடை இருக்கும்.

## லைவ் போவதற்கு முன்

அதே கோரிக்கையை ஒரே நொடியில் இருபது முறை அனுப்பி, ஒரே ஒரு ஐஆர்ஐதான் பிறந்ததா என்று பாருங்கள். டிரிபிள் ஸ்டோரை நடுவில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பாருங்கள். ஹோஸ்ட் ஹெடரை வேண்டுமென்றே தப்பாக அனுப்புங்கள். ஒரு ஊர்ப்பெயரை இரண்டு யூனிகோட் வடிவத்திலும் ஏற்றுங்கள். அப்புறம் ஸ்டிக்கரை அச்சடித்து சாயப்பட்டறைக்குக் கொண்டுபோய், அங்கே வேலை செய்பவரிடம் கொடுத்து, எண்ணை போனில் வாசிக்கச் சொல்லுங்கள். இலக்கங்களை இரண்டு இரண்டாகப் பிரித்து வாசிக்கிறாரா, மூன்று மூன்றாகவா என்று பார்த்து அதற்கேற்ப இடைவெளி விட்டு அச்சடியுங்கள். இடைவெளி ஸ்டிக்கரில் மட்டும் இருக்கட்டும், ஐஆர்ஐயில் வேண்டாம்.